இரண்டு மலை, நடுவில் சூரியன்: மாணவரை மையமாக வைத்த ஓவிய வகுப்பு என்றால் என்ன?

தமிழ்நாட்டில் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு வேண்டுமானாலும் போய், ஒரு பிள்ளையின் கையில் வெள்ளைத் தாளைக் கொடுத்து "உனக்குப் பிடிச்சதை வரை" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே படம்தான் வரும். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதி சூரியன், மலையடியிலிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் தென்னை மரம், வானத்தில் 'வி' எழுத்து மாதிரி நாலைந்து பறவைகள். ராமநாதபுரம் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மலையே கிடையாது, அங்கேயும் இதே படம்தான். தன் ஊர் ஆற்றில் தண்ணீர் ஓடியே பார்த்திராத பிள்ளையும் இதே ஆற்றைத்தான் வரைகிறது.

பிள்ளைகளுக்குக் கற்பனை இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. அக்கா வரைந்ததைப் பார்த்தோ, போர்டில் டிராயிங் மாஸ்டர் போட்டதைப் பார்த்தோ கைக்கு வந்த படம் அது. அதை வரைந்தால் யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள், "சரி, கலர் பண்ணு" என்று நகர்ந்துவிடுவார்கள். ஓவிய பீரியடில் தப்பு வாங்காமல் இருப்பதுதான் முக்கியம் என்று அந்தப் பிள்ளை எங்கேயோ கற்றுக்கொண்டிருக்கிறது. எங்கே கற்றுக்கொண்டது என்று யோசித்தால் நம் வகுப்பறையில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

நான் ஓவிய ஆசிரியர். மாணவரை மையமாக வைத்த ஓவியக் கல்வி என்ற பேச்சு பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி வருகிறது, ஆனால் கேட்டுவிட்டு வெளியே வருகிறவர்களிடம் விசாரித்தால் "பிள்ளைங்களை இஷ்டத்துக்கு விட்டுடணும், அவ்வளவுதானே சார்" என்கிறார்கள். அவ்வளவு இல்லை. அதனால் இந்தக் கருத்தை முதலில் இருந்து, எனக்குப் புரிந்த அளவில், சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரு ஓவிய வகுப்பில் யாரோ ஒருவர் எடுத்தாக வேண்டிய முடிவுகள் நாலு. எதை வரைவது, எதை வைத்து வரைவது, எப்படி வரைவது, எப்போது முடிந்தது என்று சொல்வது. வழக்கமான வகுப்பில் நாலையும் ஆசிரியரே எடுத்துவிடுகிறார். இன்றைக்கு மாம்பழம், கிரேயான், நான் போர்டில் போட்ட மாதிரியே, மணி அடிக்கும்போது நோட்டைக் கொடு. பிள்ளைக்கு மிச்சமிருப்பது கை வேலை மட்டும். நாலாவது முடிவைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். "சார், முடிஞ்சிருச்சா சார்?" என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிற பிள்ளையை எல்லா ஓவிய ஆசிரியரும் பார்த்திருப்போம். தான் வரைந்த படம் முடிந்ததா இல்லையா என்பதையே இன்னொருவரிடம் கேட்கிறது அந்தக் குழந்தை. மாணவரை மையமாக வைத்த வகுப்பு என்றால் இந்த நாலு முடிவும் மெதுவாக, ஒவ்வொன்றாக, பிள்ளையின் கைக்குப் போகிற வகுப்பு. மற்ற எல்லாமே இதிலிருந்து வருவதுதான்.

நம் வகுப்புகள் ஏன் பார்த்து வரைவதிலேயே நின்றுவிட்டன என்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் மெட்ராஸில் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரிக்கு அதுதான் வேர். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் அரசுக்கு வேண்டியிருந்தது சுத்தமாகக் கோடு போடத் தெரிந்த கைகள்; தொழிலுக்கும் வரைபடத்துக்கும் அச்சுக்கும் பயன்படுகிற கைகள். இங்கிலாந்தில் அதே 1850களில் ஹென்றி கோல் என்ற அரசு அதிகாரியின் தலைமையில் 23 படிகள் கொண்ட ஒரு பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. முதலில் ஸ்கேலும் காம்பஸும் வைத்து நேர்கோடுகள், பிறகு அச்சிட்ட மாதிரியைப் பார்த்து வெளிக்கோடு, பிறகு முப்பரிமாண வடிவங்கள், பிளாஸ்டர் உருவங்கள். சொந்தமாக ஒன்றை யோசித்து வரைவது ஏணியின் உச்சியில்தான். இந்த முறையின் சாயல் காலனி நாடுகளின் ஓவியக் கல்வி முழுக்கப் படிந்தது. நம் ஊர் அரசு தொழில்நுட்பத் தேர்வில் லோயர் கிரேடு, ஹையர் கிரேடு எழுதியவர்களுக்கு 'ஃப்ரீ ஹேண்ட் அவுட்லைன் அண்ட் மாடல் டிராயிங்' என்ற பெயர் பழக்கமாக இருக்கும். அந்தப் பெயரிலேயே அந்தக் காலம் இருக்கிறது. தொழிலுக்குக் கையைப் பழக்க அது பொருத்தமான முறைதான், அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆறு வயதுப் பிள்ளையை மனதில் வைத்து யாரும் அதை உருவாக்கவில்லை என்பதுதான் விஷயம்.

ஆறு வயதுப் பிள்ளையை மனதில் வைத்து யோசித்தவர்களில் முதல் வரிசையில் வருகிறவர் ஃப்ரான்ஸ் சிசெக். 1865இல் பொஹீமியாவில் பிறந்து, ஓவியம் படிக்க 1885இல் வியன்னாவுக்கு வந்தவர். அவர் தங்கியிருந்த வீட்டில் ஒரு தச்சரின் குடும்பம். இவர் வரைவதைப் பார்த்த அந்த வீட்டுப் பிள்ளைகள் தங்களுக்கும் பென்சிலும் வண்ணமும் வேண்டும் என்று கேட்க, கொடுத்துவிட்டு என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் ஒரு நீளமான வேலி. அதில் வரைய இடம் பிடிப்பதற்காகப் பையன்கள் முண்டியடித்துக்கொள்வதையும் ஜன்னலிலிருந்து பார்த்தார். யாரும் சொல்லிக்கொடுக்காத அந்தப் படங்களில் பள்ளிக்கூட டிராயிங் நோட்டுகளில் இல்லாத ஏதோ ஒன்று இருந்தது. 1897இல் பிள்ளைகளுக்கென்றே ஒரு ஓவிய வகுப்பைத் தொடங்கினார், அது 1938 வரை நடந்தது. பிள்ளை வளரட்டும், விரியட்டும், பழுக்கட்டும், நாம் குறுக்கே நிற்க வேண்டாம் என்பதுதான் அவருடைய நிலைப்பாட்டின் சாரம். குழந்தை வரைவது பெரியவர்கள் வரைவதன் அரைகுறை வடிவம் இல்லை, அதற்கென்று சொந்த ஒழுங்கு இருக்கிறது என்று சொல்லி, அதை வகுப்பாகவும் நடத்திக் காட்டியவர் அவர்.

ஆனால் அந்த வகுப்பிலிருந்து வந்த படங்களைப் பார்த்தவர்கள் ஒரு கேள்வியும் கேட்டார்கள். சுதந்திரமாக வரைந்த பிள்ளைகளின் படங்கள் ஏன் ஒன்றுபோல ஒன்று, அலங்காரமாக, நாட்டுப்புறக் கலைச் சாயலில் இருக்கின்றன? நியாயமான கேள்விதான். சிசெக் தலைப்பு கொடுத்தார், பொருளைத் தேர்ந்து வைத்தார், எது நன்றாக இருக்கிறது என்று சொன்னார். ஆசிரியரின் ரசனை பேசாமலேயே பிள்ளைக்குத் தொற்றிவிடும். நாம் எந்தப் படத்தின் முன்னால் கூடுதலாக ஒரு நிமிடம் நிற்கிறோம் என்பதை வகுப்பே கவனித்துக்கொண்டிருக்கும், அடுத்த வாரம் அந்த மாதிரிப் படம் பத்து வரும். சும்மா இருந்துவிட்டால் போதும், பிள்ளை தானாக வளரும் என்பது அதனால்தான் எனக்குப் போதாத தத்துவமாகப் படுகிறது.

அடுத்த பெயர் விக்டர் லோவன்ஃபெல்ட். ஆஸ்திரியாவின் லின்ட்ஸ் நகரில் 1903இல் பிறந்த யூதர், வியன்னாவில் ஓவியம் படித்துப் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் களிமண்ணில் சிற்பம் செய்யக் கற்றுக்கொடுத்தவர். நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்த 1938இல் அங்கிருந்து தப்பி அமெரிக்கா போய், முதலில் வர்ஜீனியாவில் கறுப்பின மாணவர்கள் படித்த ஹாம்ப்டன் கல்லூரியிலும், பிறகு பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்திலும் ஆசிரியராக இருந்தார். பிள்ளையின் ஓவியம் வயதோடு எப்படி மாறுகிறது என்று அவர் 1947இல் எழுதிய புத்தகம் ஓவிய ஆசிரியர் பயிற்சியில் பல தலைமுறைக்குப் பாடமாக இருந்தது. இரண்டு வயதிலிருந்து நாலு வரை கிறுக்கல். நாலிலிருந்து ஏழு வரை வட்டத்தில் கைகால் முளைத்த மனிதர்கள். ஏழிலிருந்து ஒன்பது வரை ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கென ஒரு வடிவத்தைப் பிள்ளை உருவாக்கிவைத்துக்கொள்ளும். ஒன்பதுக்கு மேல் நிஜம் மாதிரி வரைய வேண்டும் என்ற ஆசை எட்டிப்பார்க்கும். வயதுக் கணக்கு எல்லாப் பிள்ளைக்கும் அச்சாகப் பொருந்தாது, ஊருக்கு ஊர் மாறவும் செய்யும். ஆனால் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தால் அவர் சொன்னது கண்ணுக்குத் தெரியும்.

ஏழு எட்டு வயதுப் பிள்ளை பஸ் வரைவதைப் பாருங்கள். வெளியிலிருந்து பார்க்கிற மாதிரி பஸ்ஸின் பக்கவாட்டுத் தோற்றம், ஆனால் உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்கள் தலையிலிருந்து செருப்பு வரை முழுசாகத் தெரிவார்கள், தகரம் கண்ணாடி ஆகிவிட்ட மாதிரி. கண்டக்டரின் பை மட்டும் அவர் உடம்பை விடப் பெரிதாக இருக்கும். தேர்த் திருவிழா வரையச் சொன்னால் தெருவை மேலிருந்து பார்த்த மாதிரி போட்டு, இரண்டு பக்கமும் நிற்கிற ஜனங்களை வெளிப்பக்கமாகப் படுக்கவைத்துவிடும். நாம் உடனே ரப்பரை எடுத்துக்கொண்டு போய்த் திருத்தத் தோன்றும். திருத்தத் தேவையில்லை. பஸ்ஸுக்குள் ஆள் இருப்பது பிள்ளைக்குத் தெரியும், அதனால் வரைகிறது. சில்லறை கொடுக்கிற அந்தப் பை அதற்கு முக்கியம், அதனால் பெரிதாக இருக்கிறது. கண்ணால் கண்டதை மட்டுமல்ல, தனக்குத் தெரிந்ததையும் தனக்கு எது பெரிது என்பதையும் சேர்த்து வரைகிற வயது அது. "பஸ்ஸுக்கு வெளியில இருந்து பாத்தா கால் தெரியாதுடா" என்று நாம் சொல்கிற ஒரு வாக்கியத்தில் அந்த யோசனை முழுவதும் தப்பாகிவிடுகிறது.

லோவன்ஃபெல்டின் புத்தகத்தில் மூன்று சின்னப் படங்கள் உண்டு. முதலாவது, ஒரு குழந்தை தானாக வரைந்த பறவை. இரண்டாவது, பயிற்சிப் புத்தகத்தில் வண்ணம் தீட்டக் கொடுத்த அச்சுப் பறவைகள். மூன்றாவது, அதற்குப் பிறகு அந்தக் குழந்தை வரைந்தது. அது அச்சுப் பறவையின் நகலாகவே இருக்கிறது, தன் பறவையைக் குழந்தை கைவிட்டுவிட்டது. நம் பிள்ளைகளின் வானத்தில் பறக்கிற 'வி' பறவைக்கும் இதுதான் கதை.

இந்தியாவிலும் இந்த யோசனை நடந்துதான் இருக்கிறது. சாந்திநிகேதனில் படித்த தேவி பிரசாத், 1944இல் காந்தியின் சேவாகிராமத்துக்கு ஓவிய ஆசிரியராகப் போய், நூற்பு, தோட்டம், சமையல் என்று வேலையோடு சேர்ந்த ஆதாரக் கல்விப் பள்ளியில் பிள்ளைகளோடு பல ஆண்டுகள் வேலை செய்தார். அவருக்கு ஓவியம் தனிப் பாடம் இல்லை, கல்வியின் அடித்தளம்.

இப்போது வகுப்பறை நடைமுறைக்கு வருவோம், ஏனென்றால் தத்துவம் எல்லோருக்கும் பிடிக்கிறது, திங்கட்கிழமை இரண்டாவது பீரியடில் என்ன செய்வது என்பதில்தான் எல்லோரும் நின்றுவிடுகிறோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேத்தரின் டக்ளஸ் போன்ற பள்ளி ஓவிய ஆசிரியர்கள் 1970களிலிருந்து தங்கள் வகுப்பிலேயே செய்து செய்து உருவாக்கிய ஒரு முறை இருக்கிறது. 'டீச்சிங் ஃபார் ஆர்ட்டிஸ்டிக் பிஹேவியர்', சுருக்கமாக டேப் என்பார்கள். அதன் அடிப்படை மூன்றே வரி: ஓவியர்கள் என்ன செய்கிறார்கள்? பிள்ளைதான் ஓவியர். வகுப்பறை அந்தப் பிள்ளையின் பட்டறை.

வகுப்பு நடப்பது இப்படி. முதல் ஐந்து நிமிடம் ஆசிரியர் ஒரே ஒரு விஷயத்தைச் செய்து காட்டுவார்: தூரிகையைக் கழுவி ஒற்றுவது, இரண்டு நிறம் கலப்பது, காகிதத்தை நிற்கவைப்பது, அந்த மாதிரி. பிறகு பிள்ளைகள் தங்களுக்கு வேண்டிய இடத்துக்குப் போவார்கள். அறையில் வரைய ஒரு மூலை, வண்ணத்துக்கு ஒரு மூலை, வெட்டி ஒட்ட ஒரு மூலை, களிமண்ணுக்கு ஒரு மூலை, நூலும் துணியும் ஒரு மூலை. எந்தப் பொருள் எங்கே இருக்கிறது, எடுத்ததை எங்கே வைக்க வேண்டும் என்பது படத்தோடு சுவரில் எழுதி ஒட்டியிருக்கும். இன்றைக்குக் காட்டியதைத்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. கடைசியில் சுத்தம் செய்துவிட்டு, சிலர் தங்கள் வேலையைப் பற்றிப் பேசுவார்கள்.

ஆசிரியருக்கு இதில் வேலையே இல்லை என்று தோன்றலாம். என் அனுபவத்தில் வேலை கூடித்தான் போகிறது. ஒரு பையன் களிமண்ணில் ஆடு செய்கிறான் என்று வையுங்கள். பெரிய உடம்பு, குச்சி மாதிரி நாலு கால், நிமிர்த்தி வைத்தால் கால் மடங்கி ஆடு உட்கார்ந்துவிடுகிறது. திரும்ப ஒட்டுகிறான், திரும்ப உட்காருகிறது. இந்த இடத்தில் நான் வாங்கிச் சரிசெய்து கொடுத்துவிட்டால் அது என் ஆடு. கண்டுகொள்ளாமல் போனால் அவன் களிமண்ணைப் பிசைந்து உருண்டையாக்கிவிட்டு "எனக்கு வராது சார்" என்பான். "உங்க வீட்டு ஆட்டுக்குக் கால் எவ்ளோ தடிமன்?" என்று கேட்கலாம். "ஆடு நின்னுக்கிட்டேதான் இருக்கணுமா?" என்றும் கேட்கலாம். அப்புறம், அவனுக்கு ஒட்டும் வித்தை தெரியவில்லை என்று தெரிந்தால், தனியாக இரண்டு துண்டு களிமண்ணை எடுத்து, ஒட்டப்போகிற இரண்டு பக்கத்தையும் குச்சியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, களிமண்ணைத் தண்ணீரில் கரைத்த குழம்பைத் தடவி, அழுத்தி, ஓரத்தை விரலால் இழுத்துப் பூசிக் காட்டிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அந்த நிமிடத்தில் அவனுக்கு அந்த வித்தை தேவை, அதனால் மறக்க மாட்டான். இதையே வருடத் தொடக்கத்தில் எல்லோருக்கும் போர்டில் எழுதிப் போட்டிருந்தால் நோட்டில் மட்டும் இருந்திருக்கும்.

எனக்கென்று வைத்திருக்கிற ஒரு விதி: பிள்ளையின் தாளில் என் பென்சில் படாது. காட்ட வேண்டியது இருந்தால் வேறு தாளில் காட்டுவேன். இன்னொன்று, "அழகா இருக்கு" என்பதைக் குறைத்து, "இங்க என்ன நடக்குது, சொல்லு" என்று கேட்பது. அழகு என்ற தீர்ப்பை வாங்கிய பிள்ளை அடுத்த முறையும் அதையே வாங்கப் பார்க்கும். என்ன நடக்கிறது என்று கேட்டால் கதை வரும், கதை சொல்லும்போதே "சார், இருங்க, இன்னொண்ணு போடணும்" என்று உட்கார்ந்து தொடரும்.

அப்படியானால் திறமையை எப்போது சொல்லிக்கொடுப்பது என்று மூத்த ஆசிரியர்கள் கேட்பார்கள். ஐந்தாம் ஆறாம் வகுப்பில் பிள்ளைகள் தங்கள் படத்தைக் கையால் மறைக்கத் தொடங்குகிறார்கள், பார்த்திருப்பீர்கள். நிஜம் மாதிரி வரைய ஆசை வந்துவிட்டது, கை அந்த ஆசைக்கு ஈடுகொடுக்கவில்லை, பக்கத்தில் நன்றாக வரைகிற ஒருவன் இருக்கிறான். "எனக்கு வரைய வராது" என்ற வாக்கியம் பிறப்பது இந்த வயதில்தான், பல பேருக்கு அது ஆயுளுக்கும் நிற்கிறது. இந்தச் சமயத்தில் "உன் மனசுல இருக்கறதை வரை" என்று சொல்லிவிட்டுப் போவது அந்தப் பிள்ளையைக் கைவிடுவதற்குச் சமம். பார்த்து வரையும் பயிற்சி, நிழல், அளவு, தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரிவது, எல்லாவற்றையும் கேட்கிற பிள்ளைக்குத் தாராளமாகக் கொடுக்க வேண்டும். நடிகர் விஜய் முகத்தைக் கட்டம் போட்டு அப்படியே வரைய வேண்டும் என்று ஒருவன் கேட்டால் கட்டம் போடவும் சொல்லிக்கொடுக்க வேண்டும். பார்த்து வரைவது இந்த வகுப்பில் தடைசெய்யப்பட்ட காரியம் இல்லை, அதைத் தேர்ந்தெடுத்தது யார் என்பதுதான் கேள்வி. லோயர் கிரேடு எழுத விரும்புகிறவர்களுக்குத் தனியாக அதற்கான பயிற்சி, அதில் ஒரு முரணும் எனக்குத் தெரியவில்லை.

மதிப்பெண் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஃபைல், தேதி போட்டு எல்லாத் தாளும் உள்ளே, பாதியில் விட்டதும் சேர்த்து. பருவ முடிவில் அதிலிருந்து மூன்றைப் பிள்ளையே எடுத்து ஏன் எடுத்தேன் என்று இரண்டு வரி எழுத வேண்டும். பெற்றோர் "ஒரே கிறுக்கலா இருக்கே சார், என்ன கத்துக்கொடுத்தீங்க" என்று வருத்தப்படும்போதும் அந்த இரண்டு வரிதான் நமக்காகப் பேசும். சுவரில் படம் ஒட்டும்போதும் அந்தச் சீட்டைச் சேர்த்தே ஒட்டுங்கள்.

ஐம்பது பேர், நகர்த்த முடியாத பெஞ்ச், வாரத்தில் ஒரே பீரியட், குழாய் மைதானத்து மூலையில். நம் நிலைமை இதுதான், மாசசூசெட்ஸ் பட்டறையை அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது. எல்லா மூலையையும் ஒரே நாளில் திறந்தால் வகுப்பு சந்தையாகிவிடும். அங்கேயும் ஒவ்வொன்றாகத்தான் திறக்கிறார்கள். பென்சில், கிரேயானிலிருந்து தொடங்குங்கள். முதல் மாதம் பொருளை மாற்ற வேண்டாம், எதை வரைவது என்ற ஒரு முடிவை மட்டும் கொடுங்கள். தலைப்பே இல்லாவிட்டால் பிள்ளைகள் மலைக்கும் சூரியனுக்கும் ஓடிவிடுவார்கள். அதைத் தடுக்காதீர்கள், "அந்தக் குடிசையில யார் இருக்காங்க, இப்ப என்ன சமைக்கறாங்க" என்று கேளுங்கள், அடுத்த வாரம் குடிசையின் உள்பக்கத்தை வரைந்துகொண்டு வருவார்கள். அடுத்து பழைய செய்தித்தாள், கல்யாணப் பத்திரிகை, மளிகைக்கடை அட்டைப்பெட்டி, கத்தரிக்கோல், பசை. செலவே இல்லாத மூலை இது, வரைய வராது என்று முடிவுகட்டியவர்கள் முதலில் தலைநிமிர்வதும் இங்கேதான். வண்ணமும் களிமண்ணும் கடைசியில். அதைத் திறக்கும்போது எட்டுப் பேருக்கு மட்டும், முறை வைத்து, யாருக்கு எந்த வாரம் என்று சுவரில் எழுதிப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பீரியட் முழுக்கப் பஞ்சாயத்துதான். வாளியில் தண்ணீரை வகுப்புக்கு முன்பே கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள், மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே கழுவ ஆரம்பித்துவிடுங்கள், அடுத்த பீரியட் கணக்கு ஆசிரியருக்குப் பெஞ்ச் காய்ந்திருக்க வேண்டும்.